டெப் வாங்குவதற்கு முன், கடைசி வீட்டை யோசியுங்கள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் திரட்ட நம் பிள்ளைகள் சிலர் ஆயத்தமாகிறார்கள். வெள்ளம் வந்தால் யாரை முதலில் ஏற்ற வேண்டும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கிறது என்பதெல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களது எண்ணம். நல்ல எண்ணம். "டீச்சர், எந்த டெப் வாங்கலாம்?" என்று கேட்டார்கள். பலருக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். கருவி சரியில்லை என்றால் எல்லா வீடும் சமமாக விடுபடுவதில்லை. பற்றரி பின்னேரம் நான்கு மணிக்கு முடியும். நாட்கூலிக்குப் போனவர் வீட்டுக்கு வருவது ஆறு மணிக்கு. ஜிபிஎஸ் திறந்த வீதியில் நன்றாக வேலை செய்யும்; தோட்டத்துக்குள் தகரக் கூரைகளுக்கு இடையில் தடுமாறும். ஆக, கருவி தோற்கும் இடத்தில் இருப்பவர், எப்போதும் முதலில் கணக்கில் வர வேண்டியவராகவே இருக்கிறார். எண்ணப்படாமல் போவதன் வலி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணி முடிக்க 2012 வரை ஆனது. 1991இல் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்கள்தான் முழுமையாக எண்ணப்பட்டன.

2024 குடிசனத் தொகைமதிப்புக்கு உங்கள் வீட்டுக்கும் உத்தியோகத்தர் டெப்போடு வந்திருப்பார். நம் நாட்டில் தொகைமதிப்புக்கு டெப் பயன்பட்டது அதுவே முதல் தடவை. இரண்டு கோடியே 17 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை எண்ணிய வேலை அது.

பெரிய நாடுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்கா 2010 தொகைமதிப்புக்கென்றே தனியாகக் கையடக்கக் கருவி செய்வித்தது. அது சரிவராமல், பதில் தராத வீடுகளைத் தேடிப் போகும் பிரதான வேலைக்குக் கடதாசியே போதும் என்று 2008இல் திரும்பிவிட்டது. 2020இல் அதே வேலைக்குக் கொடுத்தது, கடையில் விற்கும் ஐபோன் 8. விசேடமான கருவி தேவையில்லை, வேலைக்குப் பொருந்தும் கருவி போதும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி நம் பிள்ளைகளுக்கு:

1. முதலில் அப், பிறகுதான் போன். கோபோ, ஓடிகே போன்ற இலவச அப்கள் சிக்னல் இல்லாமலே பதிலைச் சேமித்து, பிறகு அனுப்பும். அவற்றின் களப்பணி அப்கள் அண்ட்ரொய்டில்தான் ஓடும். யாராவது ஐபோன் அன்பளிப்புச் செய்தால் நன்றி சொல்லி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. ரெம். 2020இல் ஒன்லைன் வகுப்பு எடுத்த எல்லா ஆசிரியருக்கும் இது தெரியும். 2 ஜிபி போனில் இருந்த பிள்ளை, நான் அனுப்பிய பாடத்தாளைத் திறந்தவுடன் வகுப்பிலிருந்து காணாமல் போகும். களத்திலும் அதேதான். நீண்ட படிவத்தின் நடுவில் அடையாள அட்டையைப் படம் எடுக்கக் கெமராவைத் திறந்தால், ரெம் போதாத போன் படிவத்தை மூடிவிடும். சேமிக்காத பதில்கள் போய்விடும். ஒரு தாயிடம் அரை மணித்தியாலம் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க முடியுமா? 4 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 6 இருந்தால் நிம்மதி.

3. ஜிபிஎஸ். வைஃபை மட்டும் உள்ள மலிவு டெப் சிலவற்றில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளவத்தை ஃபிளட்களில் எவ்வளவு நல்ல ஜிபிஎஸ்ஸும் முதலாம் மாடியையும் ஒன்பதாம் மாடியையும் வரைபடத்தில் ஒரே புள்ளியாகத்தான் காட்டும். அதனால் மாடி, கதவு இலக்கம் இரண்டையும் படிவத்தில் கட்டாயக் கேள்வியாக வையுங்கள்.

4. அளவு. பத்து அங்குல டெப் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஒரு கையில் குடை, மறு கையில் அது, முன்னால் செங்குத்துப் படி. நம் பெண் பிள்ளைகளும் போகிறார்கள். பெரிய டெப்பைக் கண்டால் சில வீட்டார் அரசாங்க விசாரணை என்று நினைத்து வாயை மூடிவிடுவார்கள். ஆறரை அங்குலப் போன் கையில் பழகிய பொருள். வீட்டுக்கு வீடு நடப்பவருக்குப் போனும், பின்னேரம் தரவைச் சரிபார்ப்பவருக்கு ஒரு டெப்பும் போதும் என்பது என் கருத்து.

5. மழையும் வெயிலும். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்கு வசதியில்லை என்றால் நல்ல உறையும் பிளாஸ்ரிக் பையும் வாங்குங்கள். காலி வீதி மதிய வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள். 5000 எம்ஏஎச் பற்றரி, ஆளுக்கொரு பவர் பேங்க்.

6. மொழி. தமிழும் சிங்களமும் இலகுவாக எழுத வர வேண்டும். முஹம்மத், மொஹமட், முகம்மது என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, இலக்கத்தையும் எடுங்கள். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். பிழையாக அடித்தால் படிவமே நிறுத்தும்படி அமைக்கலாம்.

7. வாங்கும் முன் ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவைச் சரிபாருங்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்றும் கேளுங்கள்.

"எல்லோரிடமும் போன் இருக்கிறதே, அதிலேயே செய்தால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவின் 2027 தொகைமதிப்பும் பணியாளர்களின் சொந்தப் போனை நம்பியே திட்டமிடப்பட்டது. செலவு மிச்சம்தான். ஆனால் யார் விதவை, யாருக்கு என்ன வருத்தம், யார் வட்டிக்கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் பிள்ளைகள் கேம் விளையாடும் போனில், வாட்ஸ்அப் படங்களோடு கலந்து கிடக்கலாமா? அது அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. தனிப் போன், திரைப் பூட்டு, அனுப்பியவுடன் போனிலிருந்து அழிப்பது, குழுமத்தில் எந்தப் படமும் போடாதிருப்பது. இந்த நான்கையும் எழுதி ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இருபதை ஒரே தடவையில் வாங்காதீர்கள். இரண்டு வாங்குங்கள். உண்மையான படிவத்தைப் போட்டு, ஒரு பிள்ளையைக் கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றின் கடைசி வீட்டுக்கும், மற்றவரை லிஃப்ட் வேலை செய்யாத ஃபிளட்டின் மேல்மாடிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கு அனுப்புங்கள். அங்கே வேலை செய்தால் மீதிப் பதினெட்டையும் வாங்கலாம். செய்யாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

களப்பணி செய்து பழகியவர்கள், போன் திருத்துபவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் வாசிப்பார்கள்.