ஐம்பதில் இருபத்தேழு போனால்...

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது ரொம்பச் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேருகிற மாணவ மாணவிகளும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பிவைத்த முதல் வாரத்திலேயே விஷயம் புரிந்துவிடும்!

துறையூரைத் தாண்டி, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் இருக்கிறது உப்பிலியபுரம். அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குப் பயிற்சிக்கு வந்தாள் ஒரு மாணவி. மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடம், கடன் வாங்கிக் கழித்தல். பாடக்குறிப்பு, வண்ண அட்டை எல்லாம் தயார். கரும்பலகையில் 50 - 27 என்று எழுதினாள். ஒரு பையன் 37 என்று எழுதிக் காட்டினான். மறுபடி விளக்கினாள். "புரிஞ்சுதாடா தம்பி?" "புரிஞ்சுது டீச்சர்." மறுபடியும் 37!

இது கவனக்குறைவு இல்லை. பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிட்டான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு படித்ததை அப்படியே கடைப்பிடித்திருக்கிறான். தப்பிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது பாருங்கள்.

மதியம் பெரிய டீச்சர் சொன்னார்: "அவன் அவங்க ஆயா பெட்டிக்கடையில சாயங்காலம் வியாபாரம் பாக்குறவன்மா." மாணவி அவனைக் கூப்பிட்டு, "27 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு 50 ரூபா குடுத்தா மீதி எவ்வளவுடா?" என்று கேட்டாள். "23" என்றான் உடனே. "27க்கு மேல மூணு குடுத்தா 30, அப்புறம் ஒரு இருபது."

கணக்கு வராத பையன் என்று யாரை நினைத்தாளோ அவன்தான் தினமும் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கிறான்!

இது உப்பிலியபுரத்தில் மட்டும் நடப்பதல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வந்தது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரி.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வெளியானது. அதிலும் சந்தைக் கணக்கில் கெட்டிக்காரர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் மட்டுமே போன பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்! ஆக, கடை மட்டும் போதாது, பள்ளிக்கூடம் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அதைப் போடுவதுதான் ஆசிரியரின் வேலை.

மறுநாள் அந்த மாணவி ஐந்து பத்து ரூபாய்த் தாள்களை மேசைமேல் வைத்தாள். ஒரு தாளை மாற்றிப் பத்து ஒரு ரூபாய்க் காசுகளாக்கினாள். இப்போது நாலு பத்து, பத்து ஒன்று. ஏழு காசை எடுத்தால் மூன்று, இரண்டு தாளை எடுத்தால் இரண்டு. "யாருகிட்டயும் கடன் வாங்கல டீச்சர், சில்லறைதான் மாத்தினோம்" என்றான் பையன். பிறகு அதையே கரும்பலகையில் எழுதினார்கள். 23 வந்தது.

பாடக்குறிப்பில் "முன்னறிவு" என்று ஓர் இடம் உண்டு. "மாணவர்களுக்கு ஓரிலக்கக் கழித்தல் தெரியும்" என்று எழுதி வைத்திருந்தாள். பையனுக்குத் தெரிந்தது அதைவிட எவ்வளவோ அதிகம். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கும் திட்டம் அது. எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் தாளில் எழுதியதை மட்டும் வைத்து "இவனுக்குக் கணக்கு வராது" என்று எட்டு வயதில் முடிவு கட்டிவிட்டால், அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடும். அப்புறம் அதை யார் அழிப்பது?

பிள்ளைக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை போதும். என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பேச்சு கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டுமல்ல, பெற்றவர்களும் இதை யோசித்துப் பார்க்கலாமே!