முதல் பக்கத்துல யார் பேரு?

ஆராய்ச்சிக் கட்டுரையில ரொம்பக் கஷ்டமான பக்கம் எதுன்னு கேட்டா, சமன்பாடு நிறைய இருக்கற பக்கம்னு சொல்வீங்க. நான் முதல் பக்கம்னு சொல்வேன். அதுலயும் தலைப்புக்குக் கீழே இருக்கற அந்த ஒரே ஒரு வரி.

மத்ததெல்லாம் சுலபம் மக்களே. ஐஈஈஈ மாநாட்டு டெம்ப்ளேட்டையே எடுத்துக்குங்க. தலைப்பு 24 பாயின்ட், பேரு 11 பாயின்ட். அதுக்குக் கீழே துறை, கல்லூரி, ஊர், நாடு, மின்னஞ்சல். அப்புறம் பக்கம் ரெண்டு பத்தியாப் பிரியும், 9 பாயின்ட் தடித்த எழுத்துல சுருக்கம் வரும். தலைப்புலயும் சுருக்கத்துலயும் அடிக்குறிப்பு, கணிதக் குறியீடு எதுவும் வேண்டாம். லேட்டெக்ஸ்ல எழுதினா இந்த அளவுகளைப் பத்தி யோசிக்கவே வேண்டியதில்லை, அதுவே பாத்துக்கும்.

இடிக்கறது பேரு மட்டும்தான். ஏன்னா அந்தப் பெட்டிகளை வடிவமைச்ச புண்ணியவான்களுக்கு நம்ம இனிஷியல் தெரியாது. முதற்பேரு, குடும்பப்பேருன்னு ரெண்டு கட்டம் வச்சிருக்காங்க. நமக்கு ஏதுங்க குடும்பப்பேரு?

உதாரணத்துக்கு உங்க பேரு கவிதா, அப்பா பேரு முத்துசாமின்னு வச்சுக்குவோம். சான்றிதழ்ல இருக்கற மாதிரி 'கவிதா எம்'னு போட்டா, கடைசியில இருக்கற 'எம்'தான் குடும்பப்பேருன்னு மென்பொருள் எடுத்துக்கும். உங்க கட்டுரையை மேற்கோள் காட்டறவங்க பட்டியல்ல 'கே. எம்'னு வரும். யாரு அந்த கே. எம்? ஆண்டவனுக்கே வெளிச்சம். சரி, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி 'கவிதா முத்துசாமி'ன்னு போட்டா 'கே. முத்துசாமி'ன்னு வரும். அஞ்சு வருசம் ராத்திரி பகலா கண்ணு முழிச்சது நீங்க, உலகம் பூரா பேசப்படறது அப்பா :-)

சிரிச்சாலும் விஷயம் சீரியஸ். ராசிபுரத்துல எங்க சித்தி பொண்ணு பிஹெச்.டி பண்றா. முதல் கட்டுரையில ஒரு மாதிரி, ரெண்டாவதுல வேற மாதிரி பேரு அச்சாகிடுச்சு. தேடிப் பாத்தா ரெண்டு பேரும் ரெண்டு ஆளு! வேலைக்கு விண்ணப்பிக்கறப்ப ரெண்டும் நான்தான்னு அவதான் விளக்கம் குடுத்துட்டிருக்கணும். வர்ற தை மாசம் கல்யாணம் வேற. மாப்பிள்ளை பேரையும் சேத்துக்கலாமேன்னு சொந்தக்காரங்க யோசனை சொல்றாங்க. அப்ப மூணாவது ஆளும் ரெடி.

இது இன்னைக்கு வந்த பிரச்சினை இல்லை, ஆனா பெரியவங்க வழி காட்டிட்டுப் போயிருக்காங்க. நாமக்கல் பக்கத்துல நாங்க ராமானுஜனைப் பாதி நம்ம ஊர்க்காரராத்தான் நினைக்கறோம், அவங்க குலதெய்வம் நாமகிரித் தாயாராச்சே. 1911ல இந்தியக் கணிதக் கழக இதழ்ல பெர்னூலி எண்கள் பத்தி அவரோட முதல் கட்டுரை வந்தப்பவும், 1918ல ஹார்டியோட சேந்து எழுதினப்பவும், அவர் எஸ். ராமானுஜன்தான். அந்த 'எஸ்', கும்பகோணத்துல புடவைக்கடையில கணக்கு எழுதின அப்பா சீனிவாச ஐயங்கார். இன்னைக்கு மாதிரி கட்டம் போட்டு அப்பா பேரைக் கடைசியில வாங்கியிருந்தா, 1729ஐ நாம ஹார்டி-சீனிவாசன் எண்ணுன்னு படிச்சிருப்போம்!

சந்திரசேகரும் அப்படித்தான். அப்பா பேரு சுப்ரமணியன், அதை முன்னாடி வச்சுக்கிட்டார். சொந்தப் பேரு கடைசியில நின்னுச்சு. அதனாலதான் அது சந்திரசேகர் வரம்பு. 1999ல நாசா அனுப்பின எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கும் சந்திரா.

ஆக, வழி இதுதான். அப்பா பேரோ இனிஷியலோ முதல் கட்டத்துல, உங்க பேரு கடைசிக் கட்டத்துல. 'எம். கவிதா'ன்னு போட்டா எந்தப் பட்டியல்லயும் 'எம். கவிதா'வாவே வரும்.

இதைச் சொன்னப்ப தங்கச்சிக்கு ஒரே தயக்கம். அப்பா பேரை ஒத்தை எழுத்தாக் குறைக்கற மாதிரி இருக்குதுண்ணா, அவர் மனசு கஷ்டப்படுமோன்னா. சித்தப்பாவுக்கு நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறை. பொண்ணைக் காலேஜுக்கு அனுப்ப சொந்தத்துல எத்தனை பேச்சு வாங்கினார்னு எனக்குத் தெரியும். அவர் கிட்டயே கேட்டுட்டோம். கொஞ்ச நேரம் யோசிச்சார். "வண்டி உன்னுது கண்ணு. நெத்தியில உன் பேரு இருக்கட்டும். எனக்கு ஓரமா ஒரு எழுத்து போட்டீன்னாப் பத்தாதா?"ன்னார். இனிஷியலுக்கு இதை விட நல்ல விளக்கம் நான் படிச்சதில்லைங்க.

முதல் கட்டுரை அனுப்பப் போற தம்பி தங்கச்சிகளுக்கு மூணு விஷயம்:

1. பேரை எப்படிப் போடறதுன்னு முதல் கட்டுரைக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. அப்புறம் கல்யாணமே ஆனாலும் மாத்தாதீங்க.

2. ஆர்க்கிட் எண் வாங்கிடுங்க. 2012லேர்ந்து இருக்கு, காசு கிடையாது. 16 இலக்கம். அதுல குடும்பப்பேரு கட்டாயமில்லை, பழைய பேருகளையும் சேத்துக்கலாம். ஏற்கெனவே பேரு சிதறினவங்களுக்கு இதுதான் மருந்து.

3. வெளிநாட்டு மாநாட்டுக்கு விசா கடிதம் கேக்கறப்ப பாஸ்போர்ட் பேரைக் குடுங்க. அதுக்காகக் கட்டுரையில இருக்கற பேரை மாத்த வேண்டாம்.

எழுத்து அளவு தப்பாயிருந்தா திருப்பி அனுப்புவாங்க, சரி பண்ணிக்கலாம். பேரு தப்பா அச்சாச்சுன்னா எடிட்டருக்கு மடல் மேல மடல் போட்டு அலையணும். அதனால அனுப்பற பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த ஒத்தை வரியை மட்டும் இன்னொரு தடவை படிச்சிருங்க.