வியாழனுக்கு எத்தனை மெகாபிக்சல்?

கிளியனூர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவர், இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் மகள் மொட்டை மாடியில்தான் இருப்பாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். புதுச்சேரியில் வேலை பார்த்த சித்தப்பா, மாற்றலாகிப் போகும்போது தன் டெலஸ்கோப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். 130 மில்லிமீட்டர் கண்ணாடி, 650 மில்லிமீட்டர் குவியத் தூரம். வியாழனையும், பக்கத்தில் வரிசைகட்டி நிற்கும் நாலு நிலாக்களையும் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பார்த்தால் மட்டும் போதாது, படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தபோதுதான் வீட்டில் கேமரா பேச்சு ஆரம்பித்தது.

திண்டிவனத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவர், தன் பழைய டிஎஸ்எல்ஆரை 22,000 ரூபாய்க்குத் தருவதாக மாமா வந்து சொன்னார். "24 மெகாபிக்சல் மச்சான். போனெல்லாம் கிட்டயே வர முடியாது." வீட்டில் மொத்தமாக இருந்த ஒரே பணம், அம்மா பவர் தையல் மெஷின் வாங்கச் சேர்த்த சீட்டுப் பணம். "பொண்ணுக்குத்தானே, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் மகளை உறுத்தியது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். வியாழன் பூமிக்கு நன்றாக நெருங்கி வரும்போதுகூட, வானத்தில் அதன் அகலம் நிலாவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். அந்த டெலஸ்கோப் உருவாக்கும் வியாழனின் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. டிஎஸ்எல்ஆரின் பெரிய சென்சாரில் ஆறாயிரம் புள்ளி அகலம் இருக்கிறது. வியாழனுக்கு அதில் 40 புள்ளிகூட வராது. மிச்சமெல்லாம் வெறும் கறுப்பு. 22,000 ரூபாய் கொடுத்து இருட்டை வாங்குவதா என்று கேட்டாள். மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. போதாக்குறைக்கு, இந்த மாதிரிச் சின்ன டெலஸ்கோப்புகள் பலவற்றில் டிஎஸ்எல்ஆரை மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது. அதன் எடைக்குப் பிளாஸ்டிக் குழாய் வேறு தொங்கிப்போகும்.

கிரகப் படத்துக்குப் பெரிய எதிரி காற்று. சூடான தார் ரோட்டுக்கு மேல் காட்சி நெளிகிற மாதிரி, டெலஸ்கோப்பில் கிரகம் நெளிந்துகொண்டே இருக்கும். நடுவே ஒரு கணம் தெளியும், மறுபடி கலங்கும். ஒற்றைப் போட்டோவில் அந்தக் கணம் மாட்டுவது அதிர்ஷ்டம். அதனால் வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான பிரேம்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கி, ஒரே படமாக்குகிறார்கள். பொறுக்கி அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மையாக்கும் ரெஜிஸ்டாக்ஸ் இரண்டுமே இலவசம்.

2000-களின் தொடக்கத்தில் இந்த வழியைப் பரவலாக்கியது சாதாரண வெப்கேம்தான். அப்படி வளர்ந்த அமெச்சூர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கோ, வியாழனில் ஒரு வெண்புயல் சிவப்பாக மாறியதை 2006 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லி, வியாழனில் ஏதோ மோதிய கறுப்புத் தழும்பை 2009 ஜூலை 19 அன்று உலகுக்குச் சொன்னார். செபு இருப்பது 10 பாகை வடக்கில், கிளியனூர் 12-ல். இரண்டு ஊரிலும் கிரகங்கள் தலைக்கு மேல் உயரத்தில் வரும், கலங்கல் குறையும். லண்டன்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

முதலில் கையில் இருந்த போனையே ஐபீஸில் கிளிப் போட்டு மாட்டிப் பார்த்தார்கள். வெளிச்சத்தைக் குறைக்கும்வரை வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. குறைத்ததும் இரண்டு பட்டைகள் வந்தன. அடுத்து ஒரு வெப்கேம், லாஜிடெக் சி270. அப்பாவுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேலை புதிதில்லையே! லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, சென்சாருக்கு முன்னால் பழைய பிலிம் ரோல் டப்பாவை ஒட்டினார். ஒன்றேகால் அங்குல ஐபீஸ் துளையில் அது கச்சிதமாக உட்காரும். நடுவில் பிம்பத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ். லேப்டாப், அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி.

முதல் படத்தில் வியாழன் ரோஸ் கலரில் இருந்தது. லென்ஸோடு சேர்ந்து, அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடியும் குப்பைக்குப் போயிருந்தது. தனி ஃபில்டர் வாங்கவேண்டி வந்தது. இந்தச் செலவை யாரும் முன்னால் சொல்வதில்லை.

நேராக வாங்குவதென்றால் எஸ்விபோனி எஸ்வி105 விலை குறைந்தது. அதற்கு மேலே இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ120எம்சி-எஸ். இன்னும் மேலே ஏஎஸ்ஐ662எம்சி. அது நொடிக்கு நூறு பிரேமுக்கு மேல் தரும், ஆனால் லேப்டாப்பில் யுஎஸ்பி 3 வேண்டும். துளைக்குள் நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். பெட்டியில் மெகாபிக்சலைப் பெரிதாகப் போட்டு, நொடிக்கு எத்தனை பிரேம் என்று எழுதாத கேமராவைத் தொடாமல் இருப்பது நல்லது. இந்தப் பெயர்களெல்லாம் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, வேலைக்குப் போன பிறகு வாங்க.

மொட்டை மாடித் தரை பகல் சூட்டை நள்ளிரவுவரை கக்கியது. டெலஸ்கோப்பைப் பின்பக்க மண் தரைக்கு இறக்கியதும் படம் பாதி தெளிந்தது. காசு செலவில்லாத முன்னேற்றம் அது ஒன்றுதான். பிறகு மேகம். சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்க எட்டு வருஷம் காத்திருந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டி, 1769 ஜூன் 4 காலையில் பக்கத்துப் புதுச்சேரியில் மேகத்தைத்தான் பார்த்தார். இவர்களுக்கு ஒரு வாரம்தான் போனது.

மேகம் விலகிய ராத்திரி, கிரகம் திரையைக் கடக்கும் அரை நிமிடத்தில் தொள்ளாயிரம் பிரேம். அவற்றில் சிறந்த இருநூறை அடுக்கினாள். பட்டைக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு புள்ளி.

"சென்சார்ல தூசி பாப்பா. துடைச்சா போயிடும்."

அவள் வீடியோவை மறுபடி ஓட்டினாள். தூசியாக இருந்தால் திரையில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். புள்ளி வியாழனோடு சேர்ந்து நகர்ந்தது.

"தூசி இல்லப்பா. அயோ நிலாவோட நிழல்."

வீட்டுக்குள் புது மெஷினின் மோட்டார் சத்தம் நின்றது. அம்மா கையில் நூல்கண்டோடு வெளியே வந்தார். "எங்கே, காட்டு" என்றார்.