நீலம் சொல்லாத கதை

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கு இருந்தது. 1970களில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் ஆய்வகம் அதுதான், உதவியாளர் நான். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். இடுக்கியில் பிடித்துக் கொதிக்கவிட வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் அப்பா நிம்மதியாகப் பேப்பரை விரிப்பார். பச்சை என்றால் முகம் சுளிக்கும். மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் நின்றால் அன்று அம்மாவின் சமையலுக்குத் திட்டு விழும்.

அந்தக் குழாய்க்கு ஒரு குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 120 இருந்தாலும் நீலம். 40 இருந்தாலும் அதே நீலம். ஒருநாள் காலை நீலத்தைப் பார்த்துவிட்டு வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்ட அப்பா, பதினோரு மணிக்கு என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு குழறியது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள், சில்லென்று நனைந்திருந்தது. ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால்மணி கழித்து, "ஏன்டா எல்லாரும் சுத்தி நிக்கறீங்க?" என்றார் அப்பா.

எனக்கும் ஊசி என்று ஆனபோது குளுக்கோமீட்டர் வந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு, சில விநாடியில் எண். தினமும் நாலு தடவை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டர். ஸ்ட்ரிப் விலை பாதி, சோம்பல் பாதி; எழுதவில்லை. டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரு மாதத்தையும் எழுதி முடிப்பேன். 118, 134, 126. சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஒரு 190. டாக்டர் நோட்டைப் புரட்டுவார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி தாளைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாது. ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் சென்சார் வாங்கி வந்தாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. மேல்கையின் பின்புறம் வைத்து அழுத்தினால், மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 14 நாள் வரும். எல்லாருக்கும் எட்டுகிற விலை இல்லை. எனக்கே மாதம் விட்டு மாதம்தான். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. அதனால் ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பின்தங்கித்தான் செய்தி வரும். ஆனால் எண்ணோடு ஓர் அம்புக்குறியும் வரும். 110, அம்பு மேலே என்றால் கிளம்பி நடக்கலாம். 110, அம்பு நேர்கீழே என்றால் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வேண்டும்.

முதல் வாரம் இட்லிக்குப் பிறகு போனில் சென்சார் வரைந்த கோடு கோயில் கோபுரம் மாதிரி எழுந்தது. இட்லிமேல் புகாரோடு டாக்டரிடம் போனேன்.

"ஊசி எப்போ போடறீங்க?"

"தட்டு வந்ததும்."

"உங்க மருந்துக்குப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி போடணும் சார்."

அதே மூன்று இட்லி, அதே அளவு ஊசி, கால்மணி முன்னால். கோபுரம் திண்ணையாகிவிட்டது.

ஆனால் அவர் விரல் வைத்த இடம் வேறு. ராத்திரி மூன்று மணி வாக்கில் கோடு 70க்குக் கீழே இறங்கி, 52ஐத் தொட்டு, விடியலில் ஏறியிருந்தது. ஒருநாள் இல்லை, ஐந்து நாள். காலைத் தலைவலியையும் நனைந்த பனியனையும் வெயில் கணக்கில் எழுதியிருந்தேன். நோட்டில் நான் மறைத்ததெல்லாம் ஏற்றத்தை. இறக்கம் எனக்கே தெரியாது. அப்பாவின் நீலம் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது. டாக்டர் ராத்திரி ஊசியில் நாலு யூனிட் குறைத்தார். சுகர்காரனுக்கு மருந்தைக் குறைத்தார்கள் என்றால் உறவில் ஒருவரும் நம்பவில்லை.

நாளில் நூற்றுக்கு எழுபது பங்கு நேரமாவது 70க்கும் 180க்கும் நடுவே இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்றார். நூற்றுக்கு நூறு யாருமே கேட்கவில்லை. இத்தனை வருஷம் பரீட்சைத் தாள் என்று நினைத்து நானாகவே மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சென்சாரும் பொய் சொல்லும். ஒட்டியிருக்கும் கையை அழுத்திப் படுத்தால், இல்லாத இறக்கத்தைக் காட்டி அலறும். போன மாதம் நடுநிசியில் போன் 58 என்று கத்தியது. நான் மீட்டரைத் துழாவுவதற்குள் மனைவி எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், என் பிடரியில் கை வைத்தாள். அம்மா அவளுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தாளோ தெரியாது.

"வேர்க்கல. ஆனாலும் குத்திப் பாத்துடுங்க" என்றாள்.

பார்த்தேன். 112.