பனிமலையும் எட்டு முழ வேட்டியும்

கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் வீடுகள் பலவற்றில் கஞ்சன்ஜங்காவின் புகைப்படம் ஒன்று இருக்கக் காணலாம். டார்ஜிலிங் சென்று வந்தவர் யாரே ஆயினும் படம் ஒன்றுபோலவே இருப்பதை நேயர்கள் அறிவர்.

டார்ஜிலிங் நகரிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டைகர் ஹில். சென்ற கார்த்திகையில், சங்கத்து மாதர் பன்னிருவர், இருள் பிரியுமுன் அங்கே நடுங்கியவாறு நின்றோம். (அங்கு விற்ற காப்பியைப் பற்றி எழுதாமல் விடுவதே நலம்.) கதிரவன் கண்ணுக்குப் புலப்படுமுன்பே 8,586 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் உச்சியில் செம்மை படர்ந்தது; பின் பொன்னிறம்; சிறிது நேரத்தில் தூய வெண்மை. நாங்கள் எடுத்த படத்திலோ அவ்வெண்மையும், முன்னே நின்றோரின் தலைகளும், அவர்கள் உயர்த்திய கைப்பேசிகளுமே இருந்தன.

அப்படத்தைக் காந்தாத் தையலாக்குவது என்று முடிவு செய்தோம். காந்தா, வங்கத்துப் பெண்களின் வீட்டுக் கலை. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டத் தையலால் இணைப்பர். நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவுவது பண்டை வழக்கம்.

பனிக்கு வெள்ளைத் துணி வேண்டுமே! எங்களுள் மூத்தவரான மாமி, காலஞ்சென்ற தம் கணவரின் எட்டு முழ வேட்டியைக் கொணர்ந்தார். "தருகிறேன். ஆனால் கத்தரிக்கோல் படக் கூடாது" என்றார்.

அந்த ஒரு சொல் படத்தின் அமைப்பையே மாற்றிவிட்டது. வெட்டாமல் மூன்றாக மடித்தால் வேட்டி ஏறக்குறையச் சதுரமாகிறது. புகைப்படமோ அகலத்தில் நீண்டது. மிஞ்சும் இடத்தில் வானத்தை உயர்த்தலாம் என்றனர் சிலர். வெறும் வானம் மலையைச் சிறிதாக்கிவிடும் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆகவே பள்ளத்தாக்கின் மூடுபனியைக் கீழே பெருக்கினோம். தலைகளும் கைப்பேசிகளும் அதில் மறைந்தன, எவரும் வருந்தவில்லை.

படத்தைப் பெரிதாக்கி, கோடுகளை மெல்லிய தாளில் எடுத்து, ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியை அதன்மீது தேய்த்துத் துணியில் பதித்தோம். பனியின் நிழலுக்குச் சாம்பல் நிற நூல் தேவைப்படவில்லை. வெள்ளை நூலை நெருக்கி ஓட்டிச் சற்றே இழுத்தால் துணி அலையலையாகச் சுருங்குகிறது. பக்கவாட்டில் ஒளி விழும்போது அச்சுருக்கங்களே பனிச்சரிவுகள். படம் தவறவிட்ட செம்மையை மட்டும் ஒரு சுங்குடிப் புடவையின் அரக்குக் கரை நூல் கொண்டு உச்சிக்குக் கீழே மீட்டோம்.

உச்சியையோ தொடவில்லை. 1955 மே 25 அன்று முதன்முதலாக அம்மலையேறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், அதனைப் புனிதமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்கு மதிப்பளித்து, சில அடிகள் கீழேயே நின்று திரும்பினர். நாங்களும் ஒரு விரற்கடை இடத்தை ஊசி படாமல் விட்டோம்.

சட்டமிட்டுச் சங்கக் கூடத்தில் மாட்ட எண்ணியிருந்தோம். மாமி அதைத் தடவிப் பார்த்தார். தை மாதக் குளிருக்குப் போர்த்திக்கொள்வதாகக் கூறி எடுத்துச் சென்றுவிட்டார்.