என்டர் தட்டும் வரை

ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் இப்போது என்ன செய்கிறார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். புரோகிராம் எழுதுகிறேன். 1980களின் கம்ப்யூட்டர் மாதிரியே ஒரு கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மினுக்கும் கர்சர். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. தட்டினால் பதில் வரும், அவ்வளவுதான். எங்கள் ஊர் நூலகத்துக்குச் சனிக்கிழமை வரும் பிள்ளைகளுக்காகச் செய்தது.

இளையவர்களுக்காக ஒரு சின்னக் கதை. மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் 1984-85 முதல் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்தது. இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981இல் வெளியிட்டது. மாடல் பி-யின் நினைவகம் வெறும் 32 கேபி. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு அம்புமுனைக் குறி வந்து நிற்கும். நாம் ஏதாவது சொல்லும்வரை அப்படியே காத்திருக்கும். அதற்குப் புரியாததைத் தட்டினால் 'மிஸ்டேக்' என்று ஒற்றைச் சொல்லில் பதில். டாஸ் இருந்த கம்ப்யூட்டர்களோ 'பேட் கமாண்ட்' என்றே ஆரம்பிக்கும். அவற்றின் பொறுமை எனக்குப் பிடிக்கும், வாய்தான் பிடிக்காது. என் திரை, "புரியவில்லை, வேறு மாதிரி சொல்லிப் பார்" என்று சொல்லும்.

இதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். பார்ப்பதற்கு எளிது, வேலை முழுக்கக் கீபோர்டில் இருக்கிறது. ஒவ்வொரு விசையையும் நாமே கவனிக்க வேண்டும். எழுத்து வந்தால் வரியில் சேர்க்கணும். பேக்ஸ்பேஸ் வந்தால் கடைசி எழுத்தை எடுக்கணும். மேல் அம்புக்குறிக்கு முன்பு தட்டிய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரணும். விரலை எடுக்காமல் என்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் அது பலமுறை தட்டியதாகக் கணக்காகும். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் அழுத்துவார்கள், அதனால் முதல் தட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

தமிழில் இன்னொரு சங்கதி. ஒரு பையன் கேட்டான்: "சார், போன்ல 'பொ'வை அழிச்சா 'ப' மட்டும் நிக்குதே, ஏன்?" நல்ல கேள்வி. நமக்கு 'பொ' ஒரே எழுத்து, யூனிகோடுக்கு 'ப' ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். வேகமாகத் தட்டுகிறவர்களுக்குக் குறியை மட்டும் அழிப்பது வசதிதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் பாதி எழுத்து நிற்கக்கூடாது. 'செக்மென்ட்டர்' என்றொரு வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அது உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும். அதை வைத்து, பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் முழு எழுத்தும் போகும்படி செய்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நூலகத்துக்கு உதவி செய்கிற நண்பர் ஒருவர், நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார்: "சார், பிள்ளைங்க தட்டுற ஒவ்வொரு விசையையும் பதிவு பண்ணிட்டா என்ன? யார் எங்க தடுமாறுறாங்கன்னு நமக்குத் தெரியுமே." முடியும். எல்லா விசையும் என் கை வழியாகத்தானே போகிறது, ஒரு வரி சேர்த்தால் போதும். வேண்டாம் என்றுவிட்டேன்.

காரணம் ஒரு ஆறாம் வகுப்புப் பெண். கேட்ட கேள்விக்கு வாய் திறக்க மாட்டாள். கருப்பு நிறத் திரை முன்னால் உட்கார்ந்தவள் ஏதோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள், மறுபடி அழித்தாள். கர்சர் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. யாரும் "சீக்கிரம் சொல்லு" என்று அதட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து என்டர் தட்டினாள். விடை சரி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை முப்பது வருட சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

நாம் சிலேட்டில் படித்தவர்கள். கோவை இலையால் துடைத்தால் தவறாக எழுதிய தடமே இருக்காது. வாத்தியாரிடம் நீட்டியதுதான் விடை. என்டரும் அப்படித்தான். அதற்கு முன்னால் அவள் அழித்ததெல்லாம் அவளுடையது. அதைச் சேர்த்து வைத்துப் படிப்பது, யோசிக்கும்போதே பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி. எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கே அந்தப் பிள்ளை தட்டுவதை நிறுத்திவிடும்.

நண்பருக்கு முழுச் சம்மதம் இல்லை. பரவாயில்லை, அடுத்த வாரமும் பேசுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதினைந்து பிள்ளைகளுக்கு மூன்று கீபோர்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழையது ஏதாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். எழுத்து தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை, நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வோம்.