பலகை வேண்டாம், கண்ணாடி போடுங்கோ

1993ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அஜின்கோர்ட்டில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் விளையாடிய பந்து பட்டு எங்களுடைய ஒரேயொரு யன்னலின் கண்ணாடி நொருங்கிப் போனது. வீட்டுக்காரர் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார். அந்தக் கிழமை வரவேயில்லை. நான் ஒரு பலகைத் துண்டும் சுத்தியலும் எடுத்து வந்தபோது மனைவி மறித்தா.

"பலகை அடிக்க வேண்டாமப்பா. கண்ணாடி போடுங்கோ."

காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில், குண்டு அதிர்ச்சியில் எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கொட்டுண்டன. நான் பலகையும் தகரமும் அடித்து அடைத்தேன். பிறகு பகலிலும் ஜாம் போத்தல் விளக்கோடுதான் அந்த அறையில் இருந்தோம்.

ஆகவே கடையில் கண்ணாடி வெட்டுவித்து, ஒரு டப்பா புட்டியும் வாங்கி வந்தேன். சுண்ணக்கல் மாவையும் ஆளி விதை எண்ணெயையும் குழைத்ததுதான் புட்டி. ஊரில் கண்ணாடி பொருத்த மரச் சட்டம் வைத்து ஆணி அடித்த பழக்கம் எனக்கு, இதைத் தொட்டதில்லை. விரலால் அள்ளி அப்பினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். தை மாதம் அது வெடித்துத் துண்டு துண்டாக விழுந்தது. பனி உருகிய தண்ணீர் உள்ளே வடிந்தது. பிள்ளைக்கு இருமல். மிச்சக் குளிர்காலம் முழுவதும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிச் சமாளித்தோம்.

சித்திரையில் பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு. கையால்தான் காட்டித் தந்தார்.

முதலில் பழைய புட்டியை முழுவதும் சுரண்டச் சொன்னார். (1960க்கு முன் கட்டிய வீடுகளின் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.) பிறகு வெறும் மரத்துக்குப் பிறைமர் பூசினோம். என் பிழை இங்கேதான். காய்ந்த மரம் புட்டியிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிட, புட்டி வெறும் மாவாகிப் போகிறது.

கண்ணாடி, சட்டத்தின் உள்ளளவைவிட அரைக்கால் அங்குலம் குறைவாக இருக்கவேண்டும். மரம் ஊதினால் இடம் வேண்டுமே. சட்டத்தில் மெல்லியதாகப் புட்டி இட்டு, அதன்மேல் கண்ணாடியை மெதுவாக அழுத்தி, எட்டு, பத்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன முக்கோணத் தகடுகளை மரத்தில் குத்தினோம். உண்மையில் கண்ணாடியைப் பிடித்திருப்பது அந்தத் தகடுகள்தான். புட்டி தண்ணீரையும் காற்றையும் தடுக்கிறது.

மிச்சப் புட்டியை ரொட்டி மாவைப்போலப் பிசைந்து, சுண்டுவிரல் தடிப்பில் கயிறாக உருட்டி மூலையோடு அழுத்தவேண்டும். பிறகு கத்தியை 45 பாகை சரித்துப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரை ஒரே இழுவை. இடையில் கையை எடுத்தால் படி விழும். நான் நாலு தரம் வழித்தெறிந்து திரும்பப் போட்டேன், கிழவர் சிரிக்கவில்லை. கத்தி ஒட்டினால் துளி ஆளி எண்ணெய் தடவினார். உள்ளேயிருந்து பார்த்தால் புட்டி தெரியக்கூடாது, மரத்தின் விளிம்போடு நிற்கவேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவும் விடவில்லை. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

இரண்டு கிழமை காயவிட்டு, கண்ணாடியிலும் ஒரு நூலளவு ஏறும்படி பெயின்ற் அடித்தேன். அந்த நூலளவுதான் மழைத்தண்ணீரை மறிக்கும்.

இன்றைய இரட்டைக் கண்ணாடிகளுக்கு இந்தப் புட்டி ஆகாது, எண்ணெய் அவற்றின் ஓர ஒட்டைக் கெடுத்துவிடும். வாடகைக்கு இருப்பவர்கள் என்னைப்போல் முழிக்கவும் வேண்டாம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, திருத்த வேலை வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள்.

பெயின்ற் காய்ந்த அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது பேஸ்மென்டில் லைற் போடவில்லை. மனைவி யன்னல் வெளிச்சத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.